பால்சமிக் டிரெஸ்ஸிங்: மேல் கரண்டியில் 121 கலோரி, அடிக் கரண்டியில் 15

பால்சமிக் என்னும் இத்தாலியத் திராட்சை வினிகரும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த சாலட் டிரெஸ்ஸிங்; ஒரே ஜாடி, ஒரே கலவை. குலுக்காமல் மேலாக ஒரு மேஜைக்கரண்டி எடுத்தால் 121 கலோரி. சோடியம் இல்லை என்றே சொல்லலாம். அடியிலிருந்து எடுத்தால் 15 கலோரிதான், ஆனால் சோடியம் 270 மில்லிகிராமைத் தாண்டும். நன்றாகக் குலுக்கிவிட்டு எடுத்தால் 90 கலோரி, 84 மில்லிகிராம் சோடியம். பால்சமிக் வினிகர் சாலட் டிரெஸ்ஸிங்கில் எத்தனை கலோரி என்று தேடுகிறவர்களுக்கு இடத்துக்கு இடம் வேறு வேறு எண் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாத சரக்கு இது. கலோரி பெரும்பாலும் எண்ணெயில் இருக்கிறது, உப்பு முழுக்க வினிகரில் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாகப் பிடித்து நிறுத்தாதவரை அட்டையில் அச்சிட்ட எண் வெறும் சராசரிதான்.

மூன்று விதமான கலவை, ஒவ்வொன்றுக்கும் எடை, அதற்குரிய சத்துக் கணக்கு, கணக்கு எங்கே பிசகும் என்பது கீழே. எல்லாவற்றையும் 30 கிராமுக்குக் கணக்கிட்டிருக்கிறது. அமெரிக்காவில் டிரெஸ்ஸிங் பாட்டிலின் அட்டையில் ஒரு பரிமாறல் என்று போடுவது இந்த அளவைத்தான்; கடைப் பாட்டிலோடு ஒப்பிட வசதி.

அளவையில் வரும் தப்பு

கரண்டியை நம்ப வேண்டாம். மேஜைக்கரண்டி என்றால் பெரும்பாலான ஊர்களில் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. அங்கிருந்து வந்த குறிப்பில் மூன்று கரண்டி எண்ணெய் என்றிருந்தால் அது 60 மில்லி. நம் வீட்டுக் குழிக்கரண்டிக்கு அளவே கிடையாது. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையல் தராசு போதும், ஆனால் மில்லியை அப்படியே கிராமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆலிவ் எண்ணெய் தண்ணீரைவிட இலேசு: ஒரு மில்லி 0.915 கிராம் அளவில் நிற்கும். 90 மில்லி எண்ணெய் 82 கிராம்தான். 90 கிராம் என்று போட்டால் கணக்கில் 70 கலோரி சும்மா ஏறிவிடும். பால்சமிக் இதற்கு நேர் எதிர். சர்க்கரை கரைந்திருப்பதால் கனம் அதிகம், 30 மில்லி ஏறக்குறைய 32 கிராம்.

உப்பில்தான் தராசு காலை வாரும். மலிவான தராசுகள் பல, மெதுவாகத் தூவுகிற சிறு எடையைத் தானாகவே சுழியமாக்கிக்கொள்ளும்; இரண்டு கிராம் போட்ட பிறகும் திரையில் 0 நிற்கும். இதற்கு எளிய வழி: தூள் உப்பைக் கால் தேக்கரண்டியில் தலைதட்டி பத்து முறை ஒரு கிண்ணத்தில் போட்டு, மொத்த எடையைப் பத்தால் வகுத்துக்கொள்வது. பொடி உப்பு கால் தேக்கரண்டிக்கு 1.5 கிராம் சுற்றி வரும். கல் உப்பை இடித்துப் போட்டால் இடைவெளி அதிகம், எடை குறையும். அதற்குத் தனியாக அளந்துகொள்ள வேண்டும். ஒரு கிராம் உப்பில் 393 மில்லிகிராம் சோடியம். அரை கிராம் தவறினாலே 200 மில்லிகிராம் பிசகு.

எந்த வினிகர் என்று முதலில் பாருங்கள்

பால்சமிக் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு பொருள்கள் விற்கின்றன. இத்தாலியின் மோதெனா, ரெஜ்ஜோ எமிலியா பகுதிகளில் திராட்சைச் சாற்றை மட்டும் காய்ச்சி, புளிக்கவிட்டு, வரிசையாக நிற்கும் மரப்பீப்பாய்களில் குறைந்தது 12 ஆண்டு வைத்து எடுப்பது ‘திரதிசியோனாலே’. 25 ஆண்டு வைத்ததற்கு ‘எக்ஸ்ட்ரா வெக்கியோ’ என்று பெயர். மோதெனாவினுடையது 100 மில்லி குண்டுப் புட்டியில்தான் வரும். பாகு போல இருக்கும், விலையும் தலையைச் சுற்றவைக்கும். அதை ஜாடியில் ஊற்றி எண்ணெயோடு குலுக்குவது வீண். சொட்டுச் சொட்டாகத் தட்டில் விடுவதற்கானது.

டிரெஸ்ஸிங்குக்கு வேண்டியது இரண்டாவது வகை: ‘அச்செத்தோ பால்சாமிகோ தி மோதெனா’ என்ற பெயரும் நீலமும் மஞ்சளுமான ஐ.ஜி.பி. (புவிசார் குறியீடு) முத்திரையும் உள்ளது. 2009-ல் ஐரோப்பிய ஒன்றியம் இதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தது. திராட்சைச் சாறும் ஒயின் வினிகரும் கலந்து, மரக்கலனில் குறைந்தது 60 நாள் வைத்திருக்க வேண்டும். அமிலம் 6 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சர்க்கரை லிட்டருக்கு 110 கிராமாவது இருக்க வேண்டும். நிறத்துக்காக 2 சதவீதம் வரை கேரமல் சேர்க்கலாம்.

மூன்றாவது, பிதுக்கும் பாட்டிலில் வரும் பால்சமிக் கிளேஸ். குளுக்கோஸ் பாகு, ஸ்டார்ச்சு, வினிகர் கொஞ்சம். இதை வினிகருக்குப் பதிலாக அளந்து ஊற்றினால் கீழே வரும் ஒரு கணக்கும் பொருந்தாது.

ஐ.ஜி.பி. பாட்டில்களுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. பொருள் பட்டியலில் ஒயின் வினிகர் முதலில் இருந்தால் தண்ணீராக, புளிப்பாக இருக்கும். திராட்சைச் சாறு முதலில் இருந்தால் கெட்டியாக, இனிப்பாக இருக்கும். அமெரிக்க வேளாண்துறையின் உணவுச் சத்துப் பட்டியல் பால்சமிக் வினிகருக்குத் தரும் எண் 100 கிராமுக்கு 88 கலோரி, மாவுச்சத்து 17 கிராம், அதில் சர்க்கரை 15 கிராம். அது மெல்லிய வகைக்குப் பொருந்துகிற எண். கெட்டியானதில் சர்க்கரை இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலே போகும். எனவே கையில் உள்ள பாட்டிலின் அட்டையில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து அதையே கணக்கில் போடுங்கள். கலோரி கணக்கிடும் செயலிகளில் ‘பால்சமிக்’ என்று தட்டினால் வருவது அநேகமாக மெல்லிய வகையின் எண்தான்.

இந்த 88-ல் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. 17 கிராம் மாவுச்சத்தை நான்கால் பெருக்கினால் 68. அரைக் கிராம் புரதத்துக்கு 2. மொத்தம் 70. மீதி 18 எங்கிருந்து வந்தது? அசெட்டிக் அமிலத்திலிருந்து. அமிலத்துக்கும் கலோரி உண்டு, கிராமுக்கு 3 என்பது ஐரோப்பிய அட்டைக் கணக்கு. 6 கிராம் அமிலம் 18 கலோரி. கணக்கு சரியாக மூடுகிறது. கொழுப்பு, மாவுச்சத்து, புரதம் மூன்றை மட்டும் கூட்டிப் பார்த்துவிட்டு அட்டை பொய் சொல்கிறது என்று முடிவுகட்டுகிறவர்கள் விடுகிற இடம் இது.

முதல் கலவை: மூன்றுக்கு ஒன்று

எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெய் 82 கிராம் (90 மில்லி), பால்சமிக் 32 கிராம் (30 மில்லி), டிஜோன் கடுகு விழுது 5 கிராம், தூள் உப்பு 1.5 கிராம், பூண்டு ஒரு பல் 3 கிராம், மிளகுத்தூள் அரை கிராம். மொத்தம் 124 கிராம்.

பாத்திரம் கண்ணாடி ஜாடி, 250 மில்லிக்குக் குறையாமல். பாதிக்கு மேல் நிரம்பினால் குலுக்க இடமிருக்காது, கலவை சேராது. எவர்சில்வர் கிண்ணத்தில் அடித்துக் கலக்கலாம். அலுமினியம் வேண்டாம், அமிலம் அரிக்கும்.

ஜாடியைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, முதலில் வினிகரை ஊற்றுங்கள். பூண்டை அந்த வினிகரிலேயே விழும்படி துருவ வேண்டும். பூண்டு நசுங்கியதும் காரத்தைக் கிளப்புகிற நொதியை அமிலம் அடக்கிவிடும்; வெளியே துருவி பத்து நிமிடம் வைத்துப் போட்டால் மறுநாள் டிரெஸ்ஸிங் முழுக்கப் பச்சைப் பூண்டு நெடியடிக்கும். அடுத்தது உப்பு. அது முழுக்கக் கரைந்த பிறகுதான் எண்ணெய். உப்பு எண்ணெயில் கரையாது; எண்ணெயை முந்தி ஊற்றிவிட்டால் உப்புப் பரல்மேல் எண்ணெய் படிந்து, அடியில் மணல்போலத் தங்கிவிடும். முதல் நாள் சப்பென்று இருக்கும், கடைசிக் கரண்டி வாயில் வைக்க முடியாது.

பிறகு கடுகு விழுது, மிளகு. ஒரு முறை குலுக்கி, எண்ணெயை மூன்று தவணையாக ஊற்றுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் மூடி, 20 விநாடி பலமாகக் குலுக்கல். கலவை காபி நிறத்துக்கு வெளுத்து, கரண்டியின் பின்புறத்தில் ஒட்டினால் சேர்ந்துவிட்டது.

கணக்கு. எண்ணெய் 100 கிராமுக்கு 884 கலோரி. 82 கிராமுக்கு 725. வினிகர் 28. கடுகு 5, பூண்டு 4, மிளகு 1. கூட்டினால் 763. மொத்த எடை 124 கிராம். எனவே 100 கிராமுக்கு 615 கலோரி, 30 கிராமுக்கு 185.

அந்த 30 கிராமில் கொழுப்பு 19.9 கிராம், அதில் நிறைவுற்றது 2.7 கிராம். மாவுச்சத்து 1.7, சர்க்கரை 1.2. சோடியம் 173 மில்லிகிராம். இந்தியாவில் உணவு அட்டைகளுக்கு அடிப்படையாக வைத்திருக்கும் ஒருநாள் அளவு 67 கிராம் கொழுப்பு, 22 கிராம் நிறைவுற்ற கொழுப்பு, 2000 மில்லிகிராம் சோடியம். அதன்படி இந்த இரண்டு கரண்டியிலேயே ஒருநாள் கொழுப்பில் 30 சதவீதம் போய்விடுகிறது. சோடியம் 9 சதவீதத்துக்குச் சற்றே கீழ்.

763-ல் 725 எண்ணெய். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து. பால்சமிக் நல்லதா, ஆப்பிள் சைடர் வினிகர் நல்லதா என்று மாய்ந்து மாய்ந்து பேசுகிற பேச்சு மீதி ஐந்தைப் பற்றியது. எண்ணெயை மாற்றினாலும் கலோரி அசையாது. ஆலிவ், கனோலா, சூரியகாந்தி, நல்லெண்ணெய் எல்லாமே 884-ஐ ஒட்டித்தான். மாறுவது கொழுப்பின் வகை. ஆலிவ் எண்ணெயில் நிறைவுற்ற கொழுப்பு 100 கிராமுக்கு 14 கிராம் அளவு, கனோலாவில் ஏறக்குறைய அதில் பாதி. ஆலிவின் பெரும்பகுதி, 73 கிராம், ஒற்றை நிறைவுறா வகை.

வைட்டமின், தாது என்று பார்த்தால் சொல்லத் தக்கது ஒன்றே ஒன்று: எண்ணெயிலுள்ள வைட்டமின் ஈ. 30 கிராம் டிரெஸ்ஸிங்கில் 2.8 மில்லிகிராம் கிடைக்கும். அமெரிக்கப் பரிந்துரையில் பெரியவர்களுக்கு நாளுக்கு 15. பால்சமிக்கில் பொட்டாசியம், இரும்பு உண்டு என்று எழுதுகிறார்கள். உண்டுதான். ஒரு மேஜைக்கரண்டியில் பொட்டாசியம் 18 மில்லிகிராம், இரும்பு 0.1 மில்லிகிராம். அதற்காக யாரும் வினிகர் வாங்க வேண்டியதில்லை. வைட்டமின் கே 12 மைக்ரோகிராம் அளவு இருக்கும். வைட்டமின் கே-யின் அளவைப் பார்த்துச் சாப்பிட வேண்டியவர்கள், அதாவது இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மருந்து சாப்பிடுகிறவர்கள், இதைவிட அடியிலிருக்கும் இலையைக் கவனிக்க வேண்டும். ஸ்பினாச் 100 கிராமில் 480 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கிறது.

தேன் சேர்த்தால்

புளிப்பு தூக்கலாகப் பட்டால் பலரும் ஒரு தேக்கரண்டி தேன் விடுகிறார்கள். 7 கிராம், 21 கலோரி, 5.7 கிராம் சர்க்கரை. ஜாடியின் மொத்தச் சர்க்கரை 4.8-லிருந்து 10.5-க்குப் போகிறது, இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் 30 கிராமுக்கான கலோரி 185-லிருந்து 180-க்கு இறங்குகிறது! தேன் 100 கிராமுக்கு 304 கலோரிதான். 615 கலோரிக் கலவையில் அது சேரும்போது சராசரி குறையும். கலோரி வரியை மட்டும் பார்த்து டிரெஸ்ஸிங் வாங்குகிறவர்கள் இனிப்பானதையே எடுத்துவருவது இப்படித்தான். தேனுக்குப் பதில் கெட்டி ஐ.ஜி.பி. வினிகர் பயன்படுத்தினாலும் சர்க்கரை அதே அளவுக்கு வந்துவிடும்; திராட்சையிலிருந்து வந்தது என்பதால் அது சர்க்கரை இல்லை என்று ஆகாது. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஊட்டுவதில் தேன் கலந்தது கூடவே கூடாது.

பிரிந்துபோவது ஏன்

குலுக்கும்போது எண்ணெய் சிறு சிறு துளிகளாக வினிகருக்குள் மிதக்கிறது. கடுகு விழுதிலுள்ள பசைச்சத்தும் நுண்துகள்களும் அந்தத் துளிகளைச் சுற்றி நின்று, ஒன்றோடொன்று சேரவிடாமல் தடுக்கின்றன. கடுகில்லாமல் குலுக்கினால் சில நிமிடத்தில் இரண்டு அடுக்காகிவிடும். கடுகு சேர்த்தது சாப்பாடு முடியும்வரை தாங்கும்.

ஆனால் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே அளவுள்ள உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் இடத்தில் 74 சதவீதத்துக்கு மேல் நிரப்ப முடியாது. நம் கலவையில் எண்ணெய் கொள்ளளவில் 71 சதவீதம், விளிம்பில் நிற்கிறது. ‘இன்னும் ஒரு கரண்டி’ என்று 15 மில்லி சேர்த்தால் 74-ஐத் தொட்டுவிடும். அதற்கு மேல் துளிகள் ஒன்றையொன்று நசுக்கி உடைய ஆரம்பிக்கும். மயோனைஸ் 80 சதவீதம் தாங்குகிறதே என்றால், அங்கே முட்டை மஞ்சள்கரு இருக்கிறது. கடுகுக்கு அந்த வலு கிடையாது.

உடைந்ததைச் சேர்க்க வழி: வேறு ஜாடியில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி வினிகர். அதில் உடைந்த கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குலுக்க வேண்டும். சேர்ந்துவிடும். கணக்கில் மட்டும் மறக்காதீர்கள்: டிஜோன் கடுகு ஒரு தேக்கரண்டிக்கு 120 மில்லிகிராம் சோடியம் என்பது சாதாரண அளவு. உடைந்ததை மீட்டெடுத்த ஜாடி உப்பு கூடிய ஜாடி.

மிக்சியில் அடித்தால் துளி இன்னும் பொடியாகும், நாள் முழுக்கப் பிரியாது. ஆனால் நல்ல காரமான எக்ஸ்ட்ரா வெர்ஜின் எண்ணெயை வேகமான பிளேடில் சுற்றினால் கசப்பு மேலே வரும். எண்ணெயின் பாலிஃபீனால்கள் செய்யும் வேலை. மிக்சிதான் வேண்டும் என்றால் வினிகரோடு பாதி எண்ணெயை, அதுவும் மென்மையான சாதா ஆலிவ் எண்ணெயை அடித்துவிட்டு, மீதி எக்ஸ்ட்ரா வெர்ஜினைக் கையால் கலக்கலாம்.

இரண்டாம் கலவை: ஒன்றுக்கு ஒன்று

பால்சமிக் இனிப்பானது என்பதால் சாதா வினிகருக்குரிய மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம் இதற்குக் கட்டாயமில்லை. எண்ணெய் 41 கிராம் (45 மில்லி), பால்சமிக் 48 கிராம் (45 மில்லி), கடுகு விழுது 10 கிராம், உப்பு ஒரு கிராம், பூண்டு, மிளகு முன்போல. மொத்தம் 103.5 கிராம், 419 கலோரி. 30 கிராமுக்கு 121 கலோரி, கொழுப்பு 12 கிராம், சர்க்கரை 2.1 கிராம்.

கடுகை ஏன் இரட்டித்தது? நீர்ப்பகுதி கூடியதால் கலவை இளகி, எண்ணெய்த் துளி சீக்கிரம் மேலே ஏறும். விழுது கூடினால் கொஞ்சம் கெட்டிப்படும். அதற்கு விலை சோடியத்தில். உப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்த பிறகும் 30 கிராமுக்கு 187 மில்லிகிராம் வருகிறது, முதல் கலவையைவிட அதிகம். கொழுப்பைக் குறைத்த பாட்டில்களில் உப்பு ஏறியிருப்பதன் ஒரு பகுதி இதுதான். சரியான தீர்வு தனி உப்பை அரை கிராமுக்கு இறக்குவது. 130 மில்லிகிராமில் நிற்கும். கடுகின் உப்பே நாக்குக்குப் போதும். வீட்டில் தினமும் செய்வதற்கு மூன்றில் இதுவே மேல் என்பது எங்கள் தீர்ப்பு: சுவை குறையவில்லை, மூன்றில் ஒரு பங்கு கலோரி போய்விட்டது.

மூன்றாம் கலவை: தண்ணீர்

கடைப் பாட்டிலின் பொருள் பட்டியலில் தண்ணீர் முதலில் இருந்தால் அது இந்த வகை. எண்ணெய் 27 கிராம், பால்சமிக் 48 கிராம், தண்ணீர் 40 கிராம், கடுகு 5 கிராம், உப்பு ஒரு கிராம், கெட்டிப்படுத்தும் பசைத்தூளான சாந்தன் கம் 0.3 கிராம். 121 கிராமுக்கு 286 கலோரி. 30 கிராமுக்கு 71 கலோரி, கொழுப்பு 6.7, சர்க்கரை 1.8, சோடியம் 130.

சாந்தன் கம்மைத் தண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளிப்பக்கம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த மாவோடு மீன்கண் போலக் கட்டிகள் நிற்கும். எவ்வளவு குலுக்கினாலும் கரையாது. முதலில் எண்ணெயில் கலக்குங்கள். எண்ணெயில் அது ஊறாது, துகள்துகளாகப் பிரிந்து நிற்கும். பிறகு நீர்ப்பகுதியில் ஊற்றி மிக்சியில் ஒரு சுற்று. ஐந்து நிமிடம் கழித்துத்தான் கெட்டித்தன்மை முழுமையாகத் தெரியும்; பொறுக்காமல் இன்னொரு சிட்டிகை போட்டால் மூக்குச்சளி மாதிரி இழுக்கும். 0.3 கிராமைச் சமையல் தராசில் நிறுக்க முடியாது, 0.1 கிராம் காட்டும் நகைத்தராசு வேண்டும்.

இந்த வகையில் பால்சமிக் வாசம் நீர்த்துப்போகும். கடைச் சரக்கில் அதைச் சர்க்கரையாலும் கேரமலாலும் நிரப்புகிறார்கள். முன்பக்கம் பால்சமிக் என்று பெரிதாக இருந்தாலும், பொருள் வரிசையில் அது சர்க்கரைக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பதைப் பார்த்தால் போதும்.

எண்ணெயே இல்லாமல் வினிகர் மட்டும் ஊற்றினால் கலோரி மிச்சம்தானே? மிச்சம்தான், ஆனால் கேரட், தக்காளி, கீரையிலுள்ள கரோட்டினாய்டுகள் என்னும் நிறச்சத்துகள் கொழுப்பில் கரைகிறவை. 2004-ல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரே சாலட்டை 0, 6, 28 கிராம் கனோலா எண்ணெயுள்ள டிரெஸ்ஸிங்குகளோடு கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணெய் இல்லாததில் கரோட்டினாய்டு உறிஞ்சப்பட்டது இல்லை என்னும் அளவு. எண்ணெய் கூடக் கூட உறிஞ்சலும் கூடியது. அதே தட்டில் முட்டை, முந்திரி, பன்னீர் ஏதாவது இருந்தால் கொழுப்புக்கு அது போதும். வினிகரை மட்டும் தெளித்துக்கொள்ளலாம்.

வினிகரைக் காய்ச்சிக் கெட்டியாக்கி ஊற்றுவது இன்னொரு வழி. 250 மில்லியில் 40 கிராம் சர்க்கரை. அதை 100 கிராம் ஆகும்வரை சுண்டவைத்தால் நூற்றுக்கு நாற்பது சர்க்கரை. நெருப்பு சிறியதாக இருக்கட்டும்; ஆவியோடு அமிலமும் கிளம்பிக் கண்ணைக் கரிக்கும், ஜன்னலைத் திறந்துவையுங்கள். சூட்டில் பார்த்தால் தண்ணீராகத்தான் தெரியும், ஆறினால் இறுகும். கரண்டியில் ஒட்டும்வரை காத்திருந்தால் ஆறியபின் மிட்டாய்தான்.

தட்டில் எவ்வளவு

100 கிராம் இலைக்கு 15 முதல் 20 கிராம் போதும். அது போதவில்லை என்று தோன்றினால் குறை டிரெஸ்ஸிங்கில் இல்லை, இலையின் ஈரத்தில். கழுவிய இலையில் நீர் தங்கியிருந்தால் எண்ணெய் ஒட்டாமல் வழிந்து கிண்ணத்தின் அடியில் சேரும். மேல் இலை வெறுமையாக இருப்பதைப் பார்த்து இன்னும் ஊற்றுவோம். துண்டில் சுற்றி உதறியோ, ஸ்பின்னரில் சுற்றியோ நன்றாக உலர்த்தி, பெரிய கிண்ணத்தில் போட்டு, ஓரத்தில் டிரெஸ்ஸிங்கை விட்டுக் கையால் புரட்டுங்கள். மேலே ஊற்றிவிட்டு மேஜைக்குக் கொண்டுபோனால் பாதி வீண்.

சாப்பிட்ட கலோரி வேண்டும் என்றால் ஊற்றியதை மட்டும் நிறுத்தால் போதாது. காலிக் கிண்ணத்தின் எடையை முன்பே குறித்துக்கொண்டு, சாப்பிட்டு முடித்ததும் மறுபடி நிறுங்கள். முதல் கலவையில் 4 கிராம் ஒட்டியிருந்தால் 25 கலோரி அங்கேயே நின்றுவிட்டது. அடியில் தேங்கியது கறுப்பாக இருந்தால் வினிகர்ப் பகுதி தங்கியிருக்கிறது, எண்ணெயை இலை எடுத்துக்கொண்டது. கலோரியில் பெரிய கழிவு கிடையாது. மஞ்சளாக மினுங்கினால் எண்ணெய்.

வைத்திருப்பது

பச்சைப் பூண்டு சேர்ந்ததைக் குளிர்பெட்டியில் வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிட வேண்டும். எண்ணெய்க்குள் காற்றில்லாமல் கிடக்கும் பூண்டு, போட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சை உண்டாக்கும் கிருமிக்குத் தோதான இடம். வினிகரின் அமிலம் காவல்தான், ஆனால் எண்ணெய் அடுக்கில் மிதக்கும் பூண்டை அது எட்டாது. பூண்டில்லாதது இரண்டு வாரம் தாங்கும். தண்ணீர் சேர்த்த மூன்றாவது வகையில் அமிலம் நீர்த்திருப்பதால் ஒரு வாரம்.

குளிர்பெட்டியில் ஆலிவ் எண்ணெய் வெண்ணெய்போல உறையும். கெட்டுவிடவில்லை. ஆனால் உறைந்த மேல் அடுக்கைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டு, அடியில் ஓடுகிற கறுப்பு நீரை மட்டும் ஊற்றிக்கொண்டால் இரண்டு நாளைக்கு உப்பும் புளிப்பும், அப்புறம் ஒரு வாரத்துக்கு வெறும் எண்ணெய். மைக்ரோவேவ் வேண்டாம். சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்பே ஜாடியை வெளியே எடுத்து, மூடியை இறுக்கி, கைச்சூட்டில் உருட்டி, எண்ணெய் முழுக்க இளகியதும் 20 விநாடி குலுக்கி, உடனே ஊற்றுங்கள்.